பதினான்கு மில்லிமீட்டர்

டானிங்டன் பக்கம் மூன்று ஸ்பேர்பார்ட்ஸ் கடைகள்.
மூன்றாவதில்தான் ஜெய்லானி
இழுப்பறையை உருவி என் முன்னால் கவிழ்த்தார்.
செம்பு. அலுமினியம். சிவப்பு ஃபைபர்.
உள்விளிம்பில் ரப்பர் ஒட்டிய ஒன்று.
எல்லாமே பதினான்கு, எல்லாமே வட்டம்.
"எது வேணும் சிஸ்டர்?"
ஒழுகாதது.
"அது கையப் பொறுத்தது."

கையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
பதினெட்டு வருடமாக இந்தக் கை
ஜனவரி விடியலில்கூட
குளிருக்கு ஒளிந்துகொண்ட குழந்தை நரம்பைத்
தடவியே கண்டுபிடிக்கிறது.

செம்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால்
பழையதும் இளகிக்கொடுக்குமாம்.
அலுமினியம் மெத்தனம், ஒரு நசுங்கலோடு சரி.
ஃபைபரைச் சொல்லும்போதே முகம் சுளித்தார்.
ரப்பர் வைத்தது எண்பது ரூபாய்;
அதை அவர் புகழ்ந்த வேகத்தில்
எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஒருமுறை குத்திய ஊசியை
மறுமுறை தொடவிடமாட்டேன், வார்டில் யாரையும்.
ஆனால் போன வருடம்
போல்ட்டோடு வந்த வாஷரைத் துடைத்து
அதையே திரும்பப் போட்டவள் நான்தான்.
பன்னிரண்டு ரூபாய் மிச்சம்.
பிறகு வண்டி நின்ற இடமெல்லாம்
மிளகளவு கறுப்பு.
ஆஸ்பத்திரி வாசலில், ரேஷன் கடை எதிரில்,
புதிதாகச் சிமெண்ட் பூசிய
தேவகிருபை டீச்சர் வீட்டு முற்றத்தில்.
டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த முறை போனபோது
நான் வழக்கமாக நிறுத்தும் இடத்தில்
ஒரு பூந்தொட்டி இருந்தது.

செம்பில் ஒன்று, அலுமினியத்தில் ஒன்று வாங்கினேன்.

கோத்தகிரியில் சமதளம்
கேட்டு வாங்கவேண்டிய பொருள்.
என் வீட்டுச் சரிவில் நிறுத்தினால்
பழைய எண்ணெய் ஒரு மூலையில் ஒதுங்கி
வரமாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளும்.
கோயில்பிள்ளை ஆசீர்வாதத்திடம் கேட்டேன்,
சர்ச்சுக்குப் பின்னால், பந்தல் போடும் இடம்.
"சொட்டுகூட சிந்தப்படாது. நாளைக்கு ஆராதன."

சனிக்கிழமை மூன்று மணி. மிஸ்ட் இறங்கிவிட்டது.
நான்கு சக்கரத்துக்கும் சில்வர் ஓக் கட்டை கொடுத்து
முதுகுக்குச் சாக்கு விரித்துப் படுத்தேன்.
பதினேழு ஸ்பேனர். ஒரு முனகல்.
வெதுவெதுப்பாக, கருப்பட்டிப் பாகு போல்
டப்பில் விழத் தொடங்கியது ஒரு வருடம்:
ஊட்டிக்கு ஏறியதும், மேட்டுப்பாளையம் இறங்கியதும்,
நடு இரவில் அரவேணு வரை ஒரு பிரசவத்துக்கு ஓடியதும்.

போல்ட்டில் வாஷர் இல்லை.
டப்புக்குள் விரலால் துழாவினேன். அங்கும் இல்லை.
டார்ச் அடித்தால்
துளையைச் சுற்றி இரும்போடு இரும்பாக
ஒரு கறுப்பு வளையம்.
நகத்துக்குத்தான் விளிம்பு தட்டியது.
கத்தி முனையால் நெம்ப, வந்தது செம்பு, என்னுடையது.
அதற்கடியில் இன்னொன்று,
காகிதமாய்த் தட்டையான அலுமினியம்.
அதற்கும் அடியில் ஊறிய ஃபைபர்
சிவப்புச் சிம்பு சிம்பாக உதிர்ந்தது.

ஆர்சி புத்தகத்தில் எனக்கு முன்னால் இரண்டு பேர்.
கக்குச்சி ஹாலா கவுடர்,
வெலிங்டன் முகவரியில் யாரோ ஒரு பெரெய்ரா.
பார்த்ததில்லை இருவரையும்.
அவர்களும் இப்படி மல்லாந்து கிடந்து
சுத்தமாக இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

துணியால் துடைத்தேன். மறுபடி துடைத்தேன்.
பளபளவென்று நிஜமான இரும்பு தெரிந்த பிறகு
அலுமினியத்தைப் போட்டேன்.
விரலால் முடிந்தவரை சுற்றி, பிறகு ஸ்பேனரில்
நசுங்குவதை மணிக்கட்டு உணரும் இடம் வரை,
அதற்குமேல் ஒரு நூல்கூட இல்லை.
செம்பு சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

இரவு வண்டிக்கடியில் செய்தித்தாள் விரித்தேன்.
காலையில் தாள் முழுக்கச் சொட்டுகள்.
நெஞ்சு பக்கென்றது. குனிந்தேன்.
தண்ணீர். பம்பரிலிருந்து பனி.

டீச்சர் வீட்டுக்கு இப்போதும் போகிறேன்.
ரோட்டோரமே நிறுத்துகிறேன்.
தொட்டியை நகர்த்தச் சொல்ல வாய் வரவில்லை.
ஜெரேனியம் வேறு பூத்துவிட்டது.